கிழமையா, பேட்டையா?

சொல் புரியாத இடத்தில் குரலின் ஏற்ற இறக்கம் கைகொடுக்கிறது. புனே நகரத்தில் ஃபோனில் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது இந்தக் கதை.

புனேவுக்குக் குடிவந்த முதல் மாதம் மிக்ஸி நின்றுபோனது. ராஸ்தா பேட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிரே, டீக்கடையை ஒட்டிய ஒரு படிக்கட்டில், மின்சாதனம் பழுதுபார்க்கிறவர் ஒருவர் காலையில் வந்து உட்கார்வார். மிக்ஸியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃபோன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை கூப்பிட்டேன். "ஜாலா. சோம்வாராத் யா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்போது எனக்குத் தெரிந்த மராத்தி ஐம்பது சொல்லுக்குள் இருக்கும். 'ஜாலா' என்றால் முடிந்தது. 'சோம்வார்' என்றால் திங்கட்கிழமை. 'யா' என்றால் வாருங்கள். மூன்று சொல்லும் புரிந்துவிட்ட நிம்மதியில் நான்கு நாள் சட்னி இல்லாமல் ஓட்டினோம். திங்கட்கிழமை காலை போனால் படிக்கட்டில் ஆளில்லை. டீக்கடைக்காரரைக் கேட்டால் கையை எங்கோ நீட்டிக் காட்டினார். மறுபடி ஃபோன் செய்தேன். எடுத்தவர் அவருடைய மனைவி. எனக்குத் தெரிந்த சொற்களை வரிசையாக அடுக்கினேன். சோம்வார், மிக்ஸர், வந்துவிட்டேன், இங்கே யாருமில்லை.

அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. பிறகு அந்த அம்மா கேட்டார்: "வார் கீ பேட்?"

'வார்' மேலே ஏறி நின்றது. 'பேட்' கீழே இறங்கி முடிந்தது. கிழமையா, பேட்டையா? 'கீ' என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. ஆனாலும் அந்த ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து எனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டன. இரண்டு பொருள் இருக்கிறது, அதில் ஒன்றைத்தான் நான் பிடித்திருக்கிறேன், இப்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புனேயின் பழைய பகுதியில் வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு பேட்டைகள் உண்டு. சோம்வார், மங்கள்வார், புத்வார், குருவார், சுக்ரவார், சனிவார், ரவிவார். 'சோம்வாராத்' என்று அவர் சொன்னது 'சோம்வார் பேட்டையில்' என்ற பொருளில். கிழமையைச் சொல்ல நினைத்திருந்தால் 'சோம்வாரீ' என்றிருப்பார். அவருடைய வீடு சோம்வார் பேட்டையில், எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகிற தூரம். வியாழக்கிழமையே போய் வாங்கியிருக்கலாம்.

அன்று மிக்ஸியோடு நான் வாங்கி வந்த பாடம் ஒன்று உண்டு. பேச்சில் விரிசல் விழுவது சொல்லில். அது சேருவது பெரும்பாலும் குரலில். அந்த அம்மா "புரியவில்லையா?" என்று கேட்டிருந்தால் நான் குறுகிப்போயிருப்பேன். "தப்பாகப் புரிந்துகொண்டீர்கள்" என்றிருந்தால் அவர் சரி, நான் தவறு என்றாகியிருக்கும். அவர் கேட்டதோ மூன்றே சொல். அவருடைய குரல் குழப்பத்தை என் தலையில் போடாமல் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தது.

மூச்சும் நாதமும்

ராகம் என்றால் பாட்டுக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். அன்றாடப் பேச்சும் ராகத்தில்தான் நடக்கிறது. தொண்டையிலுள்ள குரல்நாண்கள் ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முதல் 120 முறையும், பெண்களுக்குச் சுமார் 200 முறையும் அதிர்கின்றன. அதிர்வு கூடினால் குரல் ஏறும், குறைந்தால் இறங்கும். பேசப்பேச நெஞ்சில் மூச்சு தீர்ந்துகொண்டே வருவதால், வாக்கியத்தின் முடிவில் குரல் தானாகவே தாழும். அந்தத் தாழ்வைக் கேட்டதும் எதிரே இருப்பவருக்கு 'முடித்துவிட்டார்' என்று தெரிகிறது. அந்த இடத்தில் குரலைத் தாழவிடாமல் தூக்கி நிறுத்தினால், 'இன்னும் முடியவில்லை, மீதி உன் கையில்' என்று பொருள். உலகத்து மொழிகளில் பலவற்றில் கேள்வி மேலே ஏறுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணத்தை ஒலியியல் அறிஞர் ஜான் ஓஹாலா 1984-இல் முன்வைத்தார். சின்ன உயிருக்குக் கீச்சுக்குரல், பெரிய உயிருக்குக் கனத்த குரல். குரலை உயர்த்துகிறவர் தன்னைச் சிறியவராக்கிக்கொண்டு கேட்கிறார், தாழ்த்துகிறவர் தன்னைப் பெரியவராக்கிக்கொண்டு சொல்கிறார். கேட்பது பணிவு, அறிவிப்பது அதிகாரம் என்ற நம் உணர்வு, விலங்குகளோடு நாம் பகிர்ந்துகொள்ளும் பழைய சொத்து என்பது அவர் வாதம்.

இந்த ராகம் தாயின் வயிற்றிலேயே காதில் விழுந்துவிடுகிறது. 2009-இல் ஜெர்மனியின் கேத்லீன் வெர்ம்கேயும் அவருடைய குழுவினரும், பிறந்து சில நாட்களே ஆன 60 குழந்தைகளின் அழுகையைப் பதிவுசெய்து அலசினார்கள். பிரெஞ்சு பேசும் தாய்மாரின் குழந்தைகள் ஏறுமுகமாக அழுதன. ஜெர்மன் பேசும் தாய்மாரின் குழந்தைகள் இறங்குமுகமாக அழுதன. ஒரு சொல்லும் தெரியாத வயதிலேயே தாய்மொழியின் மெட்டு வந்து சேர்ந்துவிட்டது. முதலில் வந்ததாலேயே அது கடைசிவரை விடாது. வேறு ஊர் போய் வேறு மொழி பேசினாலும் அதன் கீழே நம் வீட்டு மெட்டு ஓடிக்கொண்டேயிருக்கும்.

மண்டையில் ஒரு காலை

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். மகாத்மா பூலே மண்டை என்ற காய்கறிச் சந்தைக்குக் காய் வாங்க அழைத்துப் போனேன். எண்கோணக் கோபுரம் நிற்கும் அந்தப் பெரிய கட்டடம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. உள்ளே உயரமான மேடைகளில் காய்களைக் குவித்துவைத்து, அதன் நடுவே வியாபாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். காய் விற்கும் ஒரு மாவ்ஷியின், அதாவது சித்தி வயதுப் பெண்ணின், எதிரே போய் அம்மா நின்றார். மாவ்ஷி நிமிர்ந்து பார்த்து, குரலை உயர்த்தி, "காய்?" என்றார்.

மராத்தியில் 'காய்' என்றால் 'என்ன?'. அம்மாவுக்கு அது காய்கறிக் காய். "ஆமாம்மா, காய்தான்" என்றார் அம்மா, வெகு இயல்பாக. மாவ்ஷிக்குப் புரியவில்லை. மறுபடியும் "காய்?" என்றார். இந்த முறை இன்னும் மேலே ஏற்றி, புருவத்தையும் சேர்த்துத் தூக்கினார். அம்மா ஒரு கணம் நின்றார். அந்த ஏற்றத்தில் அவர் காதில் விழுந்தது 'காய்' இல்லை, 'என்ன வேணும்?'. உடனே கத்தரிக்காயைத் தொட்டுக் காட்டி, "இது... அரைக் கிலோ?" என்றார். 'கிலோ'வில் அவர் குரலும் ஏறியது. மாவ்ஷி சிரித்துக்கொண்டே தராசை எடுத்தார்.

சிக்கல் அதோடு தீரவில்லை. மாவ்ஷி விலை சொன்னார். அம்மா, ஊரில் சொல்வது மாதிரியே, "ஓ..." என்று இழுத்தார். தமிழில் அந்த 'ஓ' ஒப்புதல் இல்லை. 'அவ்வளவா? யோசிக்கணுமே' என்பது அதன் பொருள். மராத்தியில் 'ஹோ' என்றால் 'ஆமாம்'. மாவ்ஷி கத்தரிக்காயைப் பையில் போடத் தொடங்கிவிட்டார். அம்மா கையை நீட்டி, "ம்ஹூம்" என்றார், முதல் பாதி உயர்ந்தும் இரண்டாம் பாதி தாழ்ந்தும். இந்த 'ம்ஹூம்' மராத்தியா தமிழா என்று யாரும் கேட்கவில்லை. பை மேடைக்குத் திரும்பியது, பேரம் தொடங்கியது.

நான் பக்கத்தில் நின்றேன். மொழிபெயர்க்க வாய் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். ஒரே ஒலி இரண்டு மொழியில் வேறு வேறு சொல்லாகி இருவரையும் இரண்டு முறை தடுக்கிவிட்டது. இரண்டு முறையும் எழுப்பிவிட்டது குரல்தான்.

ஆகாரம், ஏகாரம், ஓகாரம்

தமிழரின் காது எங்கே சறுக்குகிறது என்று தெரிய, தமிழ் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். 'வந்தான்' என்ற ஒரு சொல்லோடு ஓர் எழுத்தைச் சேர்த்துப் பாருங்கள். வந்தானா? வந்தானே! வந்தானோ... கேள்வியும் உறுதியும் ஐயமும் எழுத்திலேயே ஏறிக்கொள்கின்றன. அழுத்திச் சொல்ல 'தான்' இருக்கிறது. 'அவன்தான் வந்தான்' என்றாலே போதும், குரலை உயர்த்தத் தேவையில்லை. இவற்றை இடைச்சொல் என்று தனியே எடுத்து ஆராய்ந்த தொல்காப்பியம், ஏகாரத்துக்கு ஐந்து பொருளும் ஓகாரத்துக்கு ஆறு பொருளும் வகுத்துச் சொல்கிறது.

எழுத்து இவ்வளவு வேலை செய்தும், குரலின் வேலை மிச்சமிருப்பதை இலக்கணக்காரர்கள் கவனிக்காமல் விடவில்லை. ஔகாரம் தனித்து இடைச்சொல்லாக வரும்போது, அதன் பொருள் வேறுபாடு பேசுகிறவரின் குறிப்பாலும் இசையாலும் தோன்றும் என்கிறது தொல்காப்பியத்தின் இடையியல். வியப்பா, வெறுப்பா என்பதை எழுத்து சொல்லாது, ஓசை சொல்லும். பின்னால் வந்த உரைகாரர்கள் எடுத்தல் ஓசை, படுத்தல் ஓசை என்று பேசினார்கள். 'வந்தான்' என்பதை எடுத்துச் சொன்னால் வினைமுற்று, படுத்துச் சொன்னால் 'வந்தவன்' என்ற பெயர். ஏட்டில் இரண்டும் ஒரே எழுத்து. பொருள் பிரிவது வாயில்.

நம் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் எலினோர் கீன் தமிழ்ப் பேச்சின் மெட்டைக் கருவிகொண்டு அளந்தார். வாக்கியத்தின் நடுவே வரும் ஒவ்வொரு சிறு தொடரும் தாழ்வில் தொடங்கி மேலே ஏறி முடிகிறது என்று காட்டினார். 'நேத்து ராத்திரி... எங்க மாமா... ஊர்லேர்ந்து...' என்று சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு துண்டின் முடிவிலும் குரல் மேலே போகும். தமிழருக்கு அது 'கேட்டுக்கொண்டே இரு' என்ற அடையாளம். அதே மெட்டை மராத்திச் சொற்களின் மேல் போர்த்திப் பேசும்போது, கேட்கிறவர் ஒவ்வொரு ஏற்றத்திலும் 'என்னிடம் ஏதோ கேட்கிறாரோ' என்று நிற்கக்கூடும்.

மராத்தியும் கேள்விக்கு ஒரு சொல் வைத்திருக்கிறது, 'கா'. 'யேதோஸ் கா?' என்றால் 'வர்றியா?'. அதே 'கா' இடம் மாறி, 'கா யேதோஸ்?' என்றால் 'ஏன் வர்றே?'. புதிதாக மராத்தி பேசுகிறவருக்குச் சொல்வரிசை பிசகுவது சகஜம். விருந்துக்குக் கூப்பிட நினைத்து, 'ஏன் வருகிறாய்?' என்று கேட்டுவிடலாம். முகமும் குரலும் அழைப்பாக இருந்தால், கேட்பவர் சொல்வரிசையை மனதுக்குள் சரிசெய்துகொண்டு "யேதோ, யேதோ" என்று தலையாட்டுவார். சொல்லும் குரலும் முரண்படும்போது நாம் பெரும்பாலும் குரலைத்தான் நம்புகிறோம்.

ஒரு சுரம் தவறியதால்

குரல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டின் மிகப் பழைய உதாரணம் வேதக் கதையில் இருக்கிறது. இந்திரனைப் பழிவாங்க நினைத்த த்வஷ்டா வேள்வி வளர்த்து, 'இந்திரசத்ரு' வளரட்டும் என்று ஓதினான். அந்தச் சொல்லின் கடைசியில் சுரம் உயர்ந்தால் 'இந்திரனைக் கொல்பவன்' என்று பொருள். முதலில் உயர்ந்தால் 'இந்திரனால் கொல்லப்படுபவன்' என்று பொருள். அவன் முதலில் உயர்த்திவிட்டான். எழுந்து வந்த விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான். எழுத்தில் பிழை இல்லை, சுரத்தில் இருந்த பிழை உயிரைக் குடித்தது.

பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தில் இலக்கணம் ஏன் கற்க வேண்டும் என்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார். அந்த மகாபாஷ்யத்தைச் செம்மையாகப் பதிப்பித்த ஜெர்மானிய அறிஞர் ஃபிரான்ஸ் கீல்ஹார்ன், 1866 முதல் 1881 வரை புனேயின் டெக்கான் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்தவர். எரவாடாப் பக்கம் மரங்களுக்கு நடுவே நிற்கும் அந்தக் கல்லூரி 1939-இல் ஆராய்ச்சி நிறுவனமாக மறுபிறவி எடுத்தது. 1950-களில் அங்கே நடந்த மொழியியல் கோடைப் பள்ளிகளில்தான் இந்தியாவின் ஒரு தலைமுறை மொழியியலாளர்கள் உருவானார்கள். பேச்சு மொழியைப் பேசுகிறவர் வாயிலிருந்தே கேட்டு எழுத வேண்டும் என்ற பயிற்சி இந்த ஊரில் வேர்விட்டது.

த்வஷ்டாவின் கதையில் என்னைத் தைப்பது ஒன்றுண்டு. அவனுக்கு "வார் கீ பேட்?" என்று கேட்க ஆளில்லை. மந்திரம் ஒருவழிப் பாதை. பேச்சு இருவழி. நான் தவறாக ஏற்றிய சுரத்தை நீங்கள் திருப்பிக் கேட்டுச் சரிசெய்யலாம். மனிதப் பேச்சின் பெரிய பாக்கியம் அது.

"ஆ?" என்ற உலகச் சொல்

அந்தப் பாக்கியத்தை எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறோம்? நெதர்லாந்தின் மார்க் டிங்கமான்ஸே, நிக் என்ஃபீல்டு ஆகியோரின் குழு உலகின் பல மூலைகளைச் சேர்ந்த 12 மொழிகளில் இயல்பான உரையாடல்களைப் பதிவுசெய்து எண்ணிப் பார்த்தது. 2015-இல் வந்த அந்த ஆய்வின்படி, சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் எதிரே இருப்பவரை நிறுத்தி, சொன்னதைத் தெளிவுபடுத்தக் கேட்கிறார். காப்பி ஆறுவதற்குள் பல தடவை. புரியாமல் போவது பேச்சின் நோய் என்று நினைக்கிறோம். அது பேச்சின் நாடித்துடிப்பு.

கேட்கும் வழி மூன்று. முதல் வழி "ஆ?", "என்ன?". எது புரியவில்லை என்றே சொல்லாமல் முழுவதையும் திருப்பிக் கேட்பது. இரண்டாவது, "எங்க?", "யாரு?" என்று விட்டுப்போன துண்டை மட்டும் கேட்பது. மூன்றாவது, "ராஸ்தா பேட்டையா?" என்று நாம் புரிந்துகொண்டதைச் சொல்லிச் சரிபார்ப்பது. எந்த மொழியானாலும், முடிந்தவரை குறிப்பாகக் கேட்கவே மனிதர்கள் முயல்கிறார்கள் என்று அந்த ஆய்வு கண்டது. குறிப்பாகக் கேட்டால் எதிரே இருப்பவருக்கு வேலை குறைகிறது. நமக்குப் புரியவில்லை என்றாலும் சுமையில் ஒரு பங்கை நாமே ஏற்கிறோம். சோம்வார் பேட்டை அம்மா செய்தது இதைத்தான்.

இதே குழு 2013-இல் "ஆ?" என்ற அந்தச் சின்ன ஒலியையே எடுத்து ஆராய்ந்தது. தொடர்பே இல்லாத மொழிகளிலும் அது ஏறத்தாழ ஒரே ஒலியாக, பெரும்பாலும் ஏறும் குரலில் இருந்தது. ஐஸ்லாந்து மொழியிலோ அது இறங்குகிறது, ஏனென்றால் அங்கே கேள்வியின் மெட்டே இறக்கம். பிறவியில் வரும் தும்மல், இருமல் போல இல்லாமல், "ஆ?"வும் அந்தந்த மொழியின் மெட்டைக் கற்றுக்கொண்டு வருகிறது.

தமிழின் "என்ன?" இதற்கு நல்ல சாட்சி. மெல்ல ஏற்றிச் சொன்னால் 'காதில் விழவில்லை'. சட்டென்று இறக்கி அடித்தால் 'என்ன சொன்னே, இன்னொரு தரம் சொல்லு பார்ப்போம்'. முதலாவது உரையாடலைத் தொடரவைக்கும், இரண்டாவது சட்டையைப் பிடிக்கவைக்கும். பேருந்தில், கடையில், வீட்டுக் கூடத்தில் நடக்கும் பாதிச் சண்டைகள் இந்த இரண்டு 'என்ன'வுக்கு நடுவே பிறந்தவை. வீட்டுக்காரர் ஏறும் குரலில் கேட்டதாக நினைக்கிறார், வீட்டுக்காரி காதில் இறங்கும் குரல் விழுகிறது. "ஏன் கத்துறீங்க?" "நான் எங்க கத்தினேன்?" விஷயம் எங்கோ போய், குரலே விஷயமாகிவிடுகிறது.

ஹீத்ரோவின் கிரேவி

இந்தச் சங்கதியை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஜான் கம்பர்ஸ். இந்தியாவில் பல ஆண்டுகள் களப்பணி செய்த மொழியியலாளர். 1970-களில் லண்டன் ஹீத்ரோ விமான நிலைய ஊழியர் உணவகத்தில் ஒரு தகராறு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் மரியாதையில்லாமல் நடந்துகொள்கிறார்கள் என்று ஆங்கிலேயத் தொழிலாளர்கள் புகார் சொன்னார்கள். எங்களை நிறவெறியோடு நடத்துகிறார்கள் என்று பெண்கள் வருந்தினார்கள். இருவரும் பரிமாறிக்கொண்ட சொற்களோ மிகச் சில.

கம்பர்ஸ் அந்தச் சொற்களைக் காது கொடுத்துக் கேட்டார். இறைச்சி வாங்குகிறவரிடம் கிரேவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆங்கிலேயப் பெண் "கிரேவி?" என்று குரலை ஏற்றுவாள். நம் பெண்கள் "கிரேவி." என்று இறக்கினார்கள். அவர்கள் வீட்டு மெட்டில் அது பணிவாகக் கேட்பது. ஆங்கிலேயர் காதில் அது 'இது கிரேவி, வேண்டுமானால் எடுத்துக்கொள்' என்ற அலட்சியம். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியபோது, பெண்களுக்கு இத்தனை நாள் தங்கள்மேல் விழுந்த வெறுப்பின் காரணம் விளங்கியது. மேற்பார்வையாளர்களுக்கோ, இது மனத்தின் குணம் இல்லை, குரலின் பழக்கம் என்று தெரிந்தது. 1982-இல் வந்த தம் நூலில் கம்பர்ஸ் இதை எழுதினார். புகைந்துகொண்டிருந்த கசப்பு, ஒரு சொல்லின் வாலில் இருந்த ஓர் இறக்கத்தில் தொடங்கியிருந்தது.

அதே கம்பர்ஸ், ராபர்ட் வில்சனோடு சேர்ந்து மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்துக் குப்வாட் கிராமத்தையும் ஆராய்ந்தார். 1971-இல் வெளியான அந்தக் கட்டுரை இன்றும் மொழியியல் வகுப்புகளில் பாடம். கன்னடம், மராத்தி, உருது பேசும் மக்கள் நூற்றாண்டுகளாக அங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்கிறார்கள். யாரும் தங்கள் சொற்களை விடவில்லை, ஆனால் வாக்கிய அமைப்புகள் நெருங்கி நெருங்கி ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. அன்றாடம் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் மொழிகளின் எலும்பையே வளைத்துவிட்டது. ஹீத்ரோவில் கேட்கப் பொறுமை இல்லை, குப்வாட்டில் அது தலைமுறை தலைமுறையாக இருந்தது.

"வா நா"

புனேயிலும் அந்தக் குப்வாட் கொஞ்சம் இருக்கிறது. கட்கியில் 1869-இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை, ராணுவப் பாசறை, ரயில்வே என்று வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் மூன்று, நான்கு தலைமுறையாக வாழ்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் பேசும் தமிழில் சொல் தமிழ், மெட்டு மராத்தி.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஏழு வயதுப் பையன் ஊரிலிருக்கும் பாட்டியோடு ஃபோனில் பேசினான். "பாட்டி, இங்க வா நா!" கெஞ்சலாக இழுத்தான். மராத்தியில் கடைசியில் வரும் 'நா' செல்லக் கெஞ்சல், நம் 'வாயேன்' மாதிரி. பாட்டிக்குக் கேட்டது 'வாண்ணா'. "என்னைப் போய் அண்ணாங்கிறானே" என்று அவர் சிரிக்க, பையனுக்கு எதற்குச் சிரிப்பு என்று தெரியவில்லை. தான் கெஞ்சியதைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து முகம் வாடினான். அவன் அம்மா ஃபோனை வாங்கி, "வாயேன் பாட்டின்னு கேக்கறான்மா" என்றார். "வாயேன்"-இல் மகன் இழுத்த அதே இழுப்பை அப்படியே போட்டார். பாட்டியின் சிரிப்பு நின்றது. "வர்றேன்டா கண்ணு, கண்டிப்பா வர்றேன்" என்றார். அந்தத் தாய் சொல்லைத் தமிழாக்கினார், மெட்டை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டார்.

இந்த மெட்டு அறவே இல்லாத இடம் ஒன்று இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் "சரி" என்று ஒரு பதில் வருகிறது. சம்மதமா, சலிப்பா, கோபமா? 'சரி' என்று மகிழ்ச்சியாகச் சொல்லலாம், 'சரீ...' என்று கேட்டுக்கொண்டே வரலாம், 'சரி' என்று கதவைச் சாத்தலாம். திரையில் எல்லாம் ஒரே இரண்டு எழுத்து. மெட்டு இல்லாத இடத்தில் படிக்கிறவர் தம் மனநிலையின் மெட்டைப் போட்டுக்கொள்கிறார். சோர்ந்திருக்கிறவருக்கு எல்லாச் 'சரி'யும் சலிப்பாகவே கேட்கும். அதனால்தான் முக்கியமான விஷயத்தில் எழுதிக்கொண்டே போகாமல் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்கிறேன். முடியாவிட்டால் குரலைப் பதிவுசெய்தாவது அனுப்பலாம். பத்துச் செய்தியில் தீராத மனத்தாங்கல் ஒரு "என்னப்பா?"வில் தீர்ந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

புது ஊருக்குப் போகிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லத் தோன்றுகிறது. முப்பது நாளில் மொழி கற்றுத்தரும் புத்தகம் சொல்லைத் தரும். மெட்டுக்குக் கடைத்தெருவில் நின்று காதைத் திறந்துவைக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் எங்கே ஏற்றிக் கேட்கிறார்கள், எங்கே இறக்கி முடிக்கிறார்கள், அன்பாக மறுக்கும்போது குரல் எப்படி வளைகிறது என்று கேட்க வேண்டும். புரியாதபோது தலையாட்டிவிட்டு வராமல், புரிந்த அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும். யாராவது கடுமையாகப் பேசியதாகத் தோன்றினால், அவர் மனதைத் தீர்ப்பிடும் முன் அவர் மொழியின் மெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த ஒரு கணத் தயக்கம் எத்தனையோ உறவுகளைக் காப்பாற்றும்.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி மண்டைக்குப் போனோம். பத்து நாளில் அம்மாவும் மாவ்ஷியும் பழகிவிட்டிருந்தார்கள். ஒருவர் மராத்தியிலும் மற்றவர் தமிழிலும் பேசிக்கொண்டே கொத்தமல்லிக்கட்டு வரை பேரம் முடித்தார்கள். நாளை ஊருக்குப் போகிறார் என்று நான் சொன்னதும், மாவ்ஷி பையைக் கொடுத்த கையை விடாமல், "ஆஜி, பரத் யேணார் நா?" என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மா அவர் முகத்தைப் பார்த்து, "வர்றேம்மா" என்றார்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அம்மா கேட்டார்: "திரும்பி வருவீங்கள்லன்னுதானே கேட்டா?"

அதையேதான் கேட்டார்.